எதிர்மலையைப் பார்த்த ஜன்னல்

மழை பெய்தால் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. ஊரே போர்வைக்குள் சுருண்டுகொள்ளும் நேரத்தில் நான் குடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். நமுனுகுல மலைப் பக்கம் நான் கட்டிக்கொடுத்த வீடுகள் ஏராளம். எந்த வீட்டின் பின்சுவரில் ஈரம் ஏறும், எந்தக் கூரைத் தகரம் காற்றுக்குக் கிளம்பும், எந்தக் கல்லுக்கட்டுக்குப் பின்னால் தண்ணீர் தேங்கி நின்று தள்ளும் என்பதெல்லாம் மழைச் சத்தம் கேட்டவுடன் மண்டைக்குள் ஓட ஆரம்பித்துவிடும். "பெத்த புள்ளைக்குக் காய்ச்சல்னா இப்படி ஓடியிருக்கீங்களா?" என்று என் மனைவி கேட்பாள். ஓடியதில்லைதான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பார்த்துக்கொள்ள அவள் இருந்தாள். சுவருக்கு யார் இருக்கிறார்கள்?

நான் மேசன் வேலை செய்கிறவன். எங்கள் நாட்டில் இந்த வேலையில் நாலு பேரை வைத்து நடத்துகிறவனை பாஸ் என்று கூப்பிடுவார்கள். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்தேன். கொழும்பில் அடுக்குமாடிகளுக்குச் சாந்து சுமந்தேன். கரண்டி பிடிக்கப் பழகினேன். அந்த ஊர் வெக்கை பிடிக்காமல் மலைக்கே திரும்பி வந்து சொந்தமாக வேலை எடுக்கத் தொடங்கினேன். இப்போது பசறையிலிருந்து மடுல்சீமை வரைக்கும் என்னைத் தெரியாத வீடு குறைவு. அதுதான் என் தொல்லையும்.

கட்டியதை விட்டுவிட்டு ஒரு பாஸ் எங்கேயும் ஓட முடியாது. பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருப்பேன், பின்சீட்டிலிருந்து ஒரு குரல் வரும்: "பாஸ், நீங்க கட்டுன குசினி ஒழுகுதுங்க." கல்யாண வீட்டில் சோற்றில் கைவைக்கும்போது பக்கத்து இலைக்காரர் தன் வீட்டுப் படி வெடித்த கதையை ஆரம்பிப்பார். கோயிலில் கண்ணை மூடிக் கும்பிட்டால்கூட, திறக்கும்போது முன்னால் ஒருவர் கக்கூஸ் குழியைப் பற்றிக் கேட்கத் தயாராக நிற்பார். அந்தக் கட்டடங்களுக்குப் படம் வரைந்து கொடுத்தவர்களை இங்கே ஒருத்தருக்கும் தெரியாது. அவர்கள் வருவார்கள், காட்டுவார்கள், போவார்கள். "ஆர்க்கிடெக்டுக்கும் ஒங்களுக்கும் என்னப்பா வித்தியாசம்?" என்று என் மகள் ஒருமுறை கேட்டபோது, "அவங்க தப்புப் பண்ணுனா பேப்பரக் கசக்கிப் போட்டுருவாங்க. நா தப்புப் பண்ணுனா அதுக்குள்ள ஒரு குடும்பம் குடியிருக்கும்" என்று சொன்னேன். சொல்லிவிட்டு, நன்றாகச் சொல்லிவிட்டோம் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நினைப்பில் மண் விழுந்தது ஒரு பிள்ளைக்காம்பராவால்.

கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் கைக்குழந்தைகளையும் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகளையும் விட்டுவிட்டுப் போகிற இடம்தான் பிள்ளைக்காம்பரா. ஒவ்வொரு தோட்டத்திலும் ஒன்று இருக்கும். எங்கள் தோட்டத்தில் இருந்தது லயத்தின் கடைசிக் காம்பரா, அதாவது கடைசி அறை. ஒரு கதவு, ஒரு சின்ன ஜன்னல். உத்தரத்தில் சேலைத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கும். நானும் அதற்குள் கிடந்தவன்தான், என் மகளும் கிடந்தாள், பிறகு அவளுடைய மகளும் கிடந்தாள். மருமகன் கொழும்பில் கடையில் நிற்கிறான். மகள் தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்தெடுக்கிறாள்.

பேத்திக்கு ஒரு வயது ஆன சமயம், அந்தக் காம்பராவுக்குள் காய்ச்சல் கூடி வலிப்பு வந்துவிட்டது. அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா பதறிப்போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தோட்டத்து மருந்துக் காம்பராவுக்கு ஓடியிருக்கிறார். மலையில் நின்ற என் மகளுக்குச் சேதி போய்ச் சேரவில்லை. மதியம் பால் கொடுக்க இறங்கி வந்தவள் வெறும் தொட்டிலைத்தான் பார்த்தாள். பிள்ளை பிழைத்துக்கொண்டது, இப்போது எங்களையெல்லாம் விரட்டி விரட்டி வேலை வாங்குகிறது. ஆனால் அந்த வெறும் தொட்டிலை என் மகள் மறக்கவில்லை. ரொம்ப நாள் அவள் வேலைக்கே போகவில்லை. "கண்ணுல படாத எடத்துல புள்ளைய விட்டுட்டு என்னால முடியாதும்மா" என்று தாயிடம் அழுதாள்.

ஒரு தொண்டு நிறுவனம் எங்கள் தோட்டத்துக்குப் புதுப் பிள்ளைக்காம்பரா கட்டித்தர முன்வந்தபோது வேலை எனக்குக் கிடைத்தது. படம் வரைந்தவர் ஒரு பெண். பதுளையில் பிறந்து வளர்ந்தவர், அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே படிப்பித்தவர். நான் மிஸ் என்று கூப்பிட்டேன், அவர் என்னை பாஸ் என்று கூப்பிட்டார். முதல் நாள் காட்டுப்புல்லுக்குள் நடந்து வரும்போது அவர் காலில் அட்டை ஏறியது. இப்போது ஆட்டம் பாட்டம் எல்லாம் பார்க்கலாம் என்று நானும் என் ஆட்களும் காத்திருந்தோம். அவர் குனிந்து விரலால் சுண்டி எறிந்துவிட்டுப் படத்தை விரித்தார். எங்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

படத்தைப் பார்த்ததும் எனக்குச் சூடு ஏறிவிட்டது. ஓடைப் பக்கத்துச் சுவரில் முக்கால்வாசி ஜன்னலாகவே இருந்தது. அதுவும் முழங்கால் உயரத்திலிருந்து. "மிஸ், இது ஜன்னலா, பஸ் ஹோல்ட்டா?" என்றேன். ஆடி மாசத்துக் காற்று இந்தப் பக்கம் எப்படி அடிக்கும் என்று அவருக்கு விளக்கினேன். சாரல் அடித்துப் பிள்ளைகள் நனையும் என்றேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கூரையை எவ்வளவு இறக்கியிருக்கிறார், காற்று எந்தப் பக்கமிருந்து வரும், சாரல் எதுவரை வரும் என்று படத்தில் காட்டினார். சும்மா சொல்லக்கூடாது, கட்டி முடித்தபின் ஒரு சொட்டுச் சாரல் உள்ளே வரவில்லை. அன்றைக்கு அது எனக்குத் தெரியாதே. "எத்தினை வருசமா இந்தப் பிள்ளையள் இருட்டுக்குள்ள கிடக்குதுகள், பாஸ். இந்த ஜன்னலிலை மட்டும் கை வைக்கக் கூடாது, சொல்லிப்போட்டன்" என்றார்.

கை வைத்தேன். என் பழக்கம் அப்படி. யார் பிளான் கொடுத்தாலும் மடித்துச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு, இடத்தைப் பார்த்து, கதவை அங்கே நகர்த்தி, படியை இங்கே திருப்பி, எனக்குச் சரியென்று பட்டபடி கட்டிவிடுவேன். கோடு போட்ட காகிதத்துக்கு நான் என்ன அடிமையா என்றொரு திமிர். அவர் வராத நாளாகப் பார்த்து ஜன்னலுக்குக் கீழே இரண்டு வரிசை புளொக் கல் கூடுதலாக ஏற்றிவிட்டேன். அடுத்த தடவை வந்தவர் டேப் எடுத்து அளக்கவில்லை, சத்தமும் போடவில்லை. தூசியும் சாந்துமாகக் கிடந்த தரையில் அப்படியே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "இங்கை வந்து இருந்து பாருங்கோ" என்றார்.

உட்கார்ந்தேன். எனக்கு வானம் மட்டும்தான் தெரிந்தது. எத்தனையோ வருசமாக வீடு கட்டுகிறேன், ஒரு வீட்டிலும் கட்டி முடிப்பதற்கு முன்னால் உட்கார்ந்து பார்த்தவனில்லை. எனக்கு நிற்கவும் ஏறவும் இறங்கவும்தான் தெரியும். இந்த மனுசி இன்னும் வராத பிள்ளைகளின் உயரத்தில் உட்கார்ந்து, இன்னும் இல்லாத ஜன்னலால் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கோபத்தோடுதான் எழுந்தேன். கோபத்தோடுதான் அந்த இரண்டு வரிசையையும் எடுத்தேன். ஆனால் அதற்குப் பிறகு படத்தைச் சட்டைப்பைக்குள் மடித்து வைக்கவில்லை.

போகப் போக எங்களுக்குள் பேச்சு ஓடத் தொடங்கியது. மதியச் சாப்பாட்டுக்குக் கல்லின் மேல் உட்காருவோம். அவருக்கும் என்னைப் போலவே ஒரு இடத்தில் இருப்பு இல்லை என்பதைக் கவனித்தேன். பேசும்போதே விரலால் தொடையில் கோடு போட்டுக்கொண்டிருப்பார். "வரையேக்க எனக்கு நித்திரையே வராது பாஸ். எங்கை பிழை விட்டனோ எண்டு திரும்பத் திரும்பப் பாப்பன். கட்டி முடிஞ்சு சனம் உள்ளுக்குப் போனாப் பிறகுதான் நிம்மதி" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு அங்கேதானே எல்லாம் ஆரம்பிக்கிறது. சனம் உள்ளே போன பிறகுதானே எனக்கு மழை பெய்கிறது.

திறப்பு நாளில் வாழை மரம் கட்டினார்கள். தோட்டத்தை நடத்தும் துரை ரிபன் வெட்டினார். வெளிச்சம் உள்ளே வந்து தரையெல்லாம் கிடந்தது. ஜன்னலுக்கு வெளியே ஓடை, ஓடைக்கு அந்தப் பக்கம் எதிர்மலை, மலை முழுக்கத் தேயிலை. இரண்டு வயதாகியிருந்த பேத்தி ஜன்னல் கட்டையில் கையூன்றி நின்று, அந்தப் பக்கம் போன ஒரு காக்காயைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். வந்தவர்கள் எல்லாரும் ஜன்னலைப் பற்றியே பேசினார்கள். "யாரு பாஸ் கட்டுனது?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் "நாந்தான்" என்று சொன்னேன். பக்கத்தில் மிஸ் நின்றுகொண்டிருந்தார். சிரித்துக்கொண்டார். என் மகள் அடுத்த நாளே வேலைக்குப் பேர் கொடுத்துவிட்டாள்.

அந்த வாரம் பெண்கள் துரையின் பங்களாவுக்குப் பின்னால் உள்ள மலையில் கொழுந்தெடுத்தார்கள். தேயிலையில் ஒரு மலை முடிந்தால் அடுத்த மலை என்று சுற்றிச் சுற்றி வருவார்கள். கொழுந்து மறுபடி துளிர்த்ததும் அதே மலைக்குத் திரும்புவார்கள். இது எனக்குத் தெரியாத விசயமா? பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். ஆனால் நாங்கள் அத்திவாரம் வெட்டிய நாளிலும் படத்தைப் பார்த்து மல்லுக்கட்டிய நாட்களிலும் எதிர்மலையில் ஆள் இல்லை, அல்லது ஆள் இருந்தபோது நாங்கள் சீமெந்துக்காக பதுளையில் அலைந்துகொண்டிருந்தோம். அவர் வெளிச்சத்தைப் பார்த்தார். நான் காற்றைப் பார்த்தேன். பறிப்பு எதிர்மலைக்கு வரும் நாளில் அந்த ஜன்னலில் என்ன தெரியும் என்று இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

அது வந்த நாளில் நான் மடுல்சீமையில் ஒரு வீட்டுக்குக் கூரை ஏற்றிக்கொண்டிருந்தேன். ஆயா எனக்குப் போன் எடுத்தார். போனில் அவர் குரலே கேட்கவில்லை, பின்னால் அவ்வளவு அழுகை. "பாஸ், ஒடனே வாங்க, இதுக அம்மாவப் பாத்துட்டுதுங்க!" என்றார்.

வந்து பார்த்தேன். பிள்ளைகள் எல்லாம் ஜன்னலோரம். சின்னதுகள் ஜன்னல் சட்டத்துக் கம்பிவலையைப் பிடித்துக்கொண்டு, பெரியதுகள் கட்டையில் ஏறி. ஓடைக்கு அந்தப் பக்கம், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில், அவர்களுடைய தாய்மார் வரிசையாக நின்று கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் தன் தாயின் தலைத்துண்டு நிறம் தெரியும். அம்மா கண்ணுக்கு முன்னால் நிற்கிறாள், கூப்பிட்டால் வரவில்லை. இதைவிடப் பெரிய அநியாயம் ஒரு பிள்ளைக்கு இருக்க முடியுமா? என் பேத்திதான் எல்லாரையும்விடச் சத்தம். முகம் வெற்றிலை போட்ட வாய்போலச் சிவந்திருந்தது. அந்தப் பக்கம் என் மகள் ஒரு கை கொழுந்தில், ஒரு கண் இங்கே. பறிப்பை மேற்பார்க்கும் கணக்குப்பிள்ளை கத்திக்கொண்டிருந்தார், யாரும் கேட்டபாடில்லை.

துரை என்ன இது என்று கேட்டபோது என் வாயிலிருந்து முதலில் வந்தது, "பிளான் போட்டது அந்த மிஸ்ஸுங்க" என்பதுதான். திறப்பு நாளில் நான் கட்டினது, அழுகை நாளில் அவர் வரைந்தது. நாக்குக்கு வெட்கமே கிடையாது.

பெண்கள் தங்களுக்குத் தெரிந்த வழியைப் பார்த்தார்கள். மறுநாள் தலைத்துண்டுகளை ஆளுக்கு ஆள் மாற்றிக் கட்டிக்கொண்டு மலைக்குப் போனார்கள். பிள்ளைகளுக்கு அடையாளம் தெரியாது அல்லவா? என் மகள் பக்கத்துக் காம்பராப் பெண்ணின் மஞ்சள் துண்டைக் கட்டிக்கொண்டாள். கொஞ்ச நேரம் அமைதியாகத்தான் இருந்தது. பிறகு அந்தப் பெண்ணின் பையன் என் மகளைப் பார்த்து அம்மா என்று அலறத் தொடங்கினான், என் பேத்தி அந்தப் பெண்ணைப் பார்த்து அலறினாள். மலையில் ஒரே சிரிப்பு. சிரித்துக்கொண்டே அழுததாக மகள் பின்னால் சொன்னாள். ஆயா ஜன்னலில் சேலை கட்டி மறைத்துப் பார்த்தார். சேலைக்குள் தலையை விட்டு வெளியே பார்ப்பது பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டாகிவிட்டது, விளையாட்டு முடிந்ததும் அழுகை.

கொழுந்து குறைந்தது. துரை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். இளம் வயது மனுசர், கெட்டவரும் இல்லை. "எனக்கும் சின்னப் புள்ள இருக்கு பாஸ். ஆனா கொழுந்து கொறைஞ்சா மேலயிருந்து என்னத்தான் கேப்பாங்க. அந்த ஜன்னல கல்லு வச்சு அடைச்சிருங்க. மேல கொஞ்சம் வெளிச்சத்துக்கு விட்டாப் போதும்" என்றார். சரிங்க என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

பங்களாவிலிருந்து இறங்கும் வழியிலேயே மிஸ்ஸுக்குப் போன் பண்ணினேன். அன்று மதியமே வந்துவிட்டார். இரண்டு பேரும் ஜன்னலுக்கு முன்னால் நின்று மண்டையைப் பிய்த்துக்கொண்டோம். மரச்சட்டம் அடித்துப் பார்க்கலாமா, செடி வளர்க்கலாமா, நிறக் கண்ணாடி போடலாமா? தாய்க்குப் பிள்ளை தெரிய வேண்டும், பிள்ளைக்குத் தாய் தெரியக் கூடாது, அதுதான் எங்களுக்கு வேண்டியது. அவர் தரையில் உட்கார்ந்தார், எழுந்தார், ஓடையைத் தாண்டி எதிர்மலையில் ஏறி நின்று பார்த்தார். சேறும் சகதியுமாக இறங்கி வந்து தலையை ஆட்டினார். "இல்லை பாஸ். தாய்மார் பாத்தால் பிள்ளையளும் பாப்பினம். அதுக்கு நானும் நீங்களும் ஒண்டும் செய்யேலாது" என்றார்.

அதற்கு மேல் அவர் சொன்னதுதான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. "வரைஞ்சது நான். பிழை எண்டா அது என்ரை பிழை, துரையிட்டையும் அப்பிடியே சொல்லுறன். ஆனா அடைக்கிறதுக்கும் விடுறதுக்கும் எனக்குக் கை இல்லை. கை உங்களிட்டத்தான் இருக்கு." பெரிய வார்த்தைதான். ஆனால் சொல்லிவிட்டு அவர் பதுளைக்கு ஜீப் ஏறிவிடலாம், நான் அந்தக் கையோடு வீட்டுக்குப் போக வேண்டும். வாசலிலேயே மகள் நின்றாள்.

"அப்பா, அத அடைச்சிராதீங்க."

"ஓம் புள்ளதான் எல்லாத்துக்கும் முன்னால நின்னு கத்துது. அது தொண்ட கிழியறது ஒனக்குக் கேக்கலையா?"

"கேக்குது. கத்துனா நல்லா இருக்குன்னு அர்த்தம். நா மலையில நின்னு அதப் பாத்தாத்தாம்ப்பா எனக்குக் கை ஓடும்."

அவள் கேட்டது அவ்வளவுதான். நான் அடைத்தேன். துரை சொன்னதற்காக மட்டும் அடைத்தேன் என்றால் பொய். பேத்தியின் அழுகை எனக்குப் பொறுக்கவில்லை. என் கையால் நிறுத்த முடிந்த அழுகையை நிறுத்திவிட வேண்டும் என்று கை துறுதுறுத்தது. கை இருப்பவனுக்கு அதுதான் கேடு, சும்மா இருக்கத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகள் இல்லாத நாளில், கம்பிவலையோடு சட்டத்தைக் கழற்றிவிட்டுப் புளொக் கல்லை வரிசையாக ஏற்றினேன். நல்ல சுவர். நூல் பிடித்ததுபோல நேராக நின்றது. உள்ளே பாதி இருட்டாகிவிட்டது. மகள் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள். தேத்தண்ணி மட்டும் மேசைக்கு வரும்.

அடுத்த தடவை பறிப்பு எதிர்மலைக்கு வந்தபோது, வெளிப்பக்கம் பூசி முடிக்கலாம் என்று நான் ஓடையோரம் சாரம் கட்டி அதன் மேல் நின்றேன். தூறல் வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. உள்ளே அழுகை இல்லை. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. எதிர்மலையில் பெண்கள் குனிந்த தலை நிமிராமல் எடுத்துக்கொண்டிருந்தார்கள். துரைக்கு இப்போது நிம்மதியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு கரண்டியில் சாந்தை அள்ளினேன்.

உள்ளே ஒரு பிள்ளை அழுதது. விழுந்திருக்கும், அல்லது இன்னொன்று கடித்திருக்கும். சாதாரண அழுகை. திரும்பிப் பார்த்தேன். எதிர்மலையில் எல்லாத் தலைகளும் நிமிர்ந்திருந்தன. ஒருத்தி மிச்சமில்லை. ஜன்னல் இருந்தபோது ஒரு பிள்ளை விழுந்து அழுதால் அதன் தாய் மட்டும் பார்ப்பாள், மற்றவர்களுக்குத் தங்கள் பிள்ளை கண்ணுக்குத் தெரியும். இப்போது எந்தப் பிள்ளை அழுதாலும் அது எல்லாருடைய பிள்ளையும்தான். அழுகை நின்ற பிறகும் அந்தத் தலைகள் குனிய நேரமானது.

மறுபடி ஒரு அழுகை. இந்தத் தடவை என் மகள் கூடையோடு இறங்கி ஓடி வந்தாள். ஈரச் சரிவில் வழுக்கி உட்கார்ந்து, எழுந்து, ஓடையைத் தாண்டி, என் சாரத்துக்குக் கீழாலேயே சுற்றிக்கொண்டு முன்வாசலுக்குப் போனாள். என்னை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. மேலே வெளிச்சத்துக்கு விட்டிருந்த இடைவெளி வழியாக உள்ளே எட்டிப் பார்த்தேன், அவளுடைய பிள்ளை இல்லை அழுதது. பேத்தி உள்ளே எதையோ தட்டி விளையாடிக்கொண்டிருந்தாள். மகள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள், பிறகு அதே வழியாகத் திரும்பி மலையேறினாள். சேலையின் பின்பக்கமெல்லாம் சேறு. கொஞ்ச நேரத்தில் வேறொருத்தி இறங்கி ஓடி வந்தாள். அதுவும் அவளுடைய பிள்ளை இல்லை. அதற்குப் பிறகு மறுபடி என் மகள். அப்போது அவள் முகத்தை நேராகப் பார்த்தேன். அந்த வெறும் தொட்டிலைப் பார்த்த நாளில் எப்படி இருந்தாளோ அப்படியே இருந்தாள்.

நான் கட்டிய சுவர்களில் எத்தனையோ ஒழுகியிருக்கின்றன, வெடித்திருக்கின்றன. இந்தச் சுவரில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் அதன் முன்னால் நிற்க எனக்கு உடம்பு கூசியது.

சாரத்திலிருந்தபடியே மிஸ்ஸுக்குப் போன் எடுத்தேன். "மிஸ், நா இத ஒடைக்கப் போறேன்."

தடுக்கப் போகிறார் என்று நினைத்தேன், அதற்குப் பதில் சொல்லவும் தயாராக இருந்தேன். "துரையிட்டை நான் கதைக்கிறன்" என்றார். பிறகு, "மேலையிருந்து தொடங்குங்கோ பாஸ். பிள்ளையளை அங்காலை கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கோ. மேல் பீமிலை அடி படாமப் பாருங்கோ" என்று அடுக்கிக்கொண்டே போனார். எந்தக் கல்லை முதலில் எடுக்க வேண்டும் என்று எனக்கே பாடம். வேறு நாளாக இருந்தால் போனை வைத்திருப்பேன். அன்றைக்கு ஒவ்வொன்றுக்கும் "சரிங்க மிஸ்" என்று சொன்னேன். நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிம்மதியில்லாமல் இருந்தது அன்றைக்குத்தான்.

ஆயா பிள்ளைகளையெல்லாம் முன்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். சுத்தியலை எடுத்து மேல் வரிசையில் முதல் அடி போட்டேன். துரை வந்தால் என்ன சொல்வேன், இந்தத் தோட்டத்தில் இனி எனக்கு வேலை தருவார்களா என்பதெல்லாம் மண்டைக்குள் ஓடியது. ஓடினால் ஓடட்டும் என்று அடித்தேன். வேண்டாத வேலையாக அவ்வளவு கெட்டியாகக் கட்டித் தொலைத்திருந்தேன். ஒவ்வொரு கல்லும் என்னை வைதுகொண்டே வந்தது. எதிர்மலையில் பெண்கள் கை நின்றுவிட்டது. கணக்குப்பிள்ளையும் குடையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசி வரிசையையும் எடுத்துவிட்டுக் கல்லையெல்லாம் ஒதுக்கிப் போட்டேன். முழங்கால் உயரத்துக் கட்டையைத் துடைத்தேன், விளிம்பில் கூராக நின்ற சாந்தைச் சுரண்டினேன். பிள்ளைகளின் கை படும் இடம். தூசி அடங்கியதும் ஆயா அவர்களை உள்ளே விட்டார். நான் சாரத்திலிருந்து இறங்கி வெளிப்பக்கம் ஜன்னலுக்கு நேரே நின்று, சட்டம் திரும்பவும் ஒழுங்காக உட்காருமா என்று கண்ணால் அளந்துகொண்டிருந்தேன். வரைந்தவரும் பார்க்க வேண்டியது, ஒரு போட்டோ எடுத்து அனுப்பலாமா என்றும் ஒரு யோசனை. பேத்தி ஓடி வந்து கட்டையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டாள். என்னைப் பார்த்துச் சிரிக்கப் போகிறாள் என்று நினைத்துக் குனிந்தேன். அவள் தலையை இந்தப் பக்கம் சாய்த்தாள், அந்தப் பக்கம் சாய்த்தாள், பிறகு என் வயிற்றில் கையை வைத்துத் தள்ளினாள்.

"தள்ளு தாத்தா. அம்மா தெரியல."

நான் விலகி நின்றேன்.